ஒன்பதாவது தறி

கரண்ட் நின்று நாலு மணி நேரம் ஆகியும் ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வசுமதி தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துவிட்டுக்கொண்டு, தூளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மொச்சை உரித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாசத்தில் ஒரு நாள் வரும் ஷட்டவுன். தறிக்காரத் தெரு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி ஆக்கித் தின்று, மத்தியானம் குறட்டை விடும் நாள். மனுசர் பேசுவது மனுசருக்கு ஒழுங்காகக் காதில் விழுவதும் அந்த ஒரு நாள்தான், அதனாலேயே சண்டையும் அன்றைக்குத்தான் வரும் என்று கல்யாணமாகி வந்த புதிதில் மாதேசு சொல்லியிருந்தான். நிலக்கடலைக் காட்டு ஊரிலிருந்து வந்தவளுக்கு முதல் ஒரு வாரம் தலைக்குள் யாரோ உரலிடிப்பது போல இருந்தது, பிறகு பழகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் தறிக்கூடம், அதில் எட்டுத் தறி. மூணாம் நம்பர் தறி இருமும், ஆறாம் நம்பர் கொஞ்சம் நொண்டும், எட்டாம் நம்பர் புதுசு, அதனால் அதற்கு வாய் அதிகம். மாதேசு சாப்பிட்டுக்கொண்டே, அஞ்சாவதுல நூல் அறுந்துட்டுது என்று கையை உதறிவிட்டு எழுந்து போவான், போய்ப் பார்த்தால் அறுந்துதான் இருக்கும். நாலு வருசத்தில் வசுமதிக்கும் அந்தக் காது வந்திருந்தது. எட்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வாள். அதனால்தான் இது அந்த எட்டில் ஒன்றில்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. இது ஒன்பதாவது. எட்டும் செத்தது போல நிற்கும்போது, அடுப்படியில் பூனை நடப்பதுகூடக் கேட்க வேண்டிய இந்த மத்தியானத்தில், வலது காதுக்குள், காதுக்கும் உள்ளே, எலும்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருப்பது போலவும் அதில் ஒரு தறி போட்டிருப்பது போலவும், டக்கட டக்கட, டக்கட டக்கட. தறியை நிறுத்தினால் கொஞ்ச நேரம் எல்லோருக்கும்தான் காதில் ஓடும். ஒரு மணி நேரம் ஓடும், தானே அடங்கும். நாலு மணி நேரம் ஓடாது. பதினேழு நாள் ஓடாது. இன்றைக்கு ஷட்டவுன் வரட்டும், அப்போது தெரிந்துவிடும், தறிச் சத்தத்தில் வரும் தறிக்காதாக இருந்தால் இன்றைக்கு நிற்கும் என்று அவள் தனக்குத்தானே ஒரு தவணை சொல்லி வைத்திருந்தாள். காலையில் எட்டே முக்காலுக்கே, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே, கரண்ட் போனது. எட்டுத் தறியும் பாதி ஓட்டத்தில் மூச்சை விட்டன. வசுமதி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்பதாவது நிற்கவில்லை.

மொச்சை நல்ல மொச்சை, சொத்தை கம்மி. ஒன்றை உரித்துக் கிண்ணத்தில் போட்டால் அது விழும் சத்தம் இடது பக்கம் மட்டும் கேட்டது, பாதிக் கிண்ணத்தில் விழுவது போல. இந்தத் தெருவில் செவிடாக இருப்பது ரொம்பச் சுலபம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. தறி ஓடும்போது யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்திப் பிரயோசனமில்லை. உதட்டை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், டீ வேண்டுமா என்பதற்கு ஒரு விரல், மேஸ்திரி வர்றான் என்பதற்கு மீசையில் ஒரு தடவல். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தே பேசுவார்கள். முகத்தைப் பார்த்தால் போதும், வசுமதி எதையும் தவறவிட மாட்டாள். காது மந்தமாயிருக்குதுங்க என்று முதல் நாள் அவள் சொன்னபோது, பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் அம்சவேணி வாய்விட்டுச் சிரித்தாள். "தறிக்காது வந்துருச்சு. இப்பத்தான் புள்ள நீ எங்க ஊரு மருமவ." மாதேசும் சிரித்தான், இரண்டு சொட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டாக்டரம்மாவின் கண்ணாடியை நினைத்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கடைசி ஊசி முடிந்து, ஆறாவது ஊசி, அனுப்பி வைக்கிற நாள். மாதேசு மருந்து வாங்கக் கீழே வரிசையில் நின்றிருந்தான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவளிடம் மட்டும் சொன்னார். உனக்கு வந்திருந்தது லிம்போமா, கழுத்து நெறிக்கட்டியில வந்துச்சு, கரைஞ்சிருச்சு, சந்தோசம். ஆனா சில பேருக்கு இது மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணிக்குள்ள எறங்கும். எறங்கினா அங்கிருந்து கிளம்பற நரம்பு மேல போய் ஒட்டிக்கும். காதுக்கு ஒரு நரம்பு இருக்கு, அதுகூடவே ஒட்டிக்கிட்டு இன்னொரு நரம்பு, நாம விழாம நிக்கறது அதனாலதான். காது மந்தமானாலும் சரி, தள்ளாட்டமா இருந்தாலும் சரி, வாய் ஒரு பக்கம் கோணினாலும் சரி, அன்னைக்கே வந்துரணும், அடுத்த நாள்னு சொல்லக் கூடாது. சரிங்க டாக்டர் என்று வசுமதி தலையாட்டினாள். மாதேசு மாத்திரைப் பையோடு மேலே வந்து, என்ன சொன்னாங்க என்று கேட்டான். நல்லாயிருச்சுன்னு சொன்னாங்க என்றாள். அதையும் சொன்னார்தானே. லிம்போமா என்ற பேரை முதலில் கேட்டபோதே அது நோய்ப் பேர் மாதிரி இல்லை, கடையில் கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருக்கும் ஏதோ பிஸ்கெட் மாதிரி இருந்தது. இப்போது அந்தப் பேர் வாய்க்குள் வந்தால் நாக்கு பின்னுக்குப் போய்விடுகிறது.

ஆக இது தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான். இல்லை, இரண்டு பேர். தூளியில் தூங்கும் தன்யாவுக்கும் தெரியும். இரண்டேகால் வயசு. போன வாரத்திலிருந்து எதுவாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு அம்மாவின் இடது பக்கம் வந்து நிற்கிறது. அவசரமென்றால் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் தடவை அப்படித் திருப்பியபோது வசுமதிக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியது போல ஆயிற்று. அந்தச் சின்னக் கண்கள் அவளுடைய வலது காதை, காதைத் தாண்டி உள்ளே, யாரையோ பார்ப்பது போலப் பார்த்தன. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஏழு மாசமும் குழந்தை அம்சவேணியிடம் இருந்தது. கிருமி ஒட்டும், தூக்காதே என்றார்கள். மொட்டைத் தலையோடு வாசலில் நின்று கையை நீட்டினால் வீல் என்று கத்தி அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அத்தையைத்தான் அம்மா என்றது. சின்னதுதான, நாளைக்கு மாறிக்கும் என்று அம்சவேணி கூச்சத்தோடு சொல்வாள். வசுமதியும் ஆமாங்க அண்ணி, ஆருகிட்ட இருந்தா என்ன என்று சிரித்துவிட்டுப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிடுவாள். முடி ஒரு விரலளவு முளைத்த பிறகு, வேர்க்கடலை உருண்டையைக் காட்டி, பூனைக்குட்டியைக் காட்டி, மூன்று மாசம் பாடுபட்டு, போன மாசம்தான் ஒரு நாள் சோறு ஊட்டும்போது அது அவளைப் பார்த்து அம்மா என்றது. ஒரே ஒரு மாசம். மறுபடி போனால் மறுபடி ஏழு மாசம், ஒன்பது மாசம், எத்தனையோ. போனால் திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வந்தால். அந்த வந்தால் என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் நினைப்பு போகும், நின்றுவிடும், திரும்பி மொச்சைக்கு வந்துவிடும். இன்னும் பத்து நாள், குழந்தைக்கு நன்றாகப் பதியட்டும். சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டால் போதும். கோலப்புள்ளி வலது பக்கம் சாய்ந்துகொண்டே போய்ப் படியில் ஏறினால் காத்துல சாஞ்சிருச்சுங்க என்று சொன்னால் போதும். குழந்தையை இடது இடுப்பில் வைத்துச் சுவரோரமாக நடந்தால் போதும். கால் விரல்கள் ஊசி மருந்தில் மரத்துப் போனவை, இன்னும் சரியாகவில்லை. நடை கொஞ்சம் முன்பின் ஆனாலும் அதன் மேல் பழியைப் போட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. அவள் எப்போதுமே சமாளிக்கத் தெரிந்தவள்.

டக்கட டக்கட. அந்த அறைக்குள் யார் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள் என்று யோசிக்கக் கூடாது, யோசித்தால் தெரிய ஆரம்பிக்கிறது. முதுகு மட்டும்தான் தெரியும். பச்சை ஆஸ்பத்திரி அங்கி, பின்னால் நாடா முடிச்சு, மொட்டைத் தலையில் ஒரு தழும்பு. வார்டு குளியலறைக் கண்ணாடியில் அவளே ஒரு தரம் திரும்பிப் பார்த்த முதுகு. எழுந்து வந்தாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று என்று வசுமதி நினைத்துக்கொண்டிருக்க, அந்த முதுகுக்காரி அங்கேயே இருந்துவிட்டாள் போல. பாவு நூல் எங்கிருந்து வருகிறது என்றால் கழுத்திலிருந்து, கட்டி கரைந்த அந்த இடத்திலிருந்து, வெள்ளையாக, ஈரமாக, இழை இழையாக மேலே ஏறி, காதுக்குப் பின்னால் போகிறது. அவசரமே இல்லாமல் நெய்கிறாள். சாப்பாட்டுக்குக்கூட எழுவதில்லை. தறியில் வலது பக்கம் அடித்த ஓட்டம் இடது பக்கம் போய்த்தானே ஆக வேண்டும், இடது பக்கம் போனால்தானே திரும்பி வர முடியும். நேற்று சாயங்காலம் குக்கர் விசில் மூன்று வந்ததில் ஒன்றுதான் கேட்டது. அடுத்ததாகக் காதுக்குள் மிக மெல்ல, ரொம்பத் தூரத்தில், இடது பக்கம் ஏதோ ஒன்று வந்து முட்டியது போல இருந்தது. அதை இன்னும் அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் வைத்திருந்தாள். சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் இறங்கியது. நாட்காட்டி இறங்கியது. உட்கார்ந்தபடியே தரையில் கையை ஊன்றிக்கொண்டு, சுவர் தன் இடத்துக்கு வருவதற்குக் காத்திருந்தாள். கால் மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. தரையில் ஒரு நிழல் வந்து விழுந்தது. நிமிர்ந்தால் வாசலில் அம்சவேணி, இடுப்பில் கை, வாய் பாதிப் பேச்சில்.

"...எத்தன தடவை கூப்புடறது? ராசாத்தியாட்ட ஒக்காந்திருக்கறே."

"கேட்டுதுங்க அண்ணி. வாயில மொச்சை இருந்துது."

"பச்சை மொச்சையவா தின்னுட்டு இருக்கறே? ஊருல ஆராவது பாத்தா, அடுத்தது எப்பங்கன்னு கேக்கப் போறாங்க."

"கேட்டாச் சொல்றனுங்க, உங்க தம்பியக் கேளுங்கன்னு."

அம்சவேணி சிரித்தாள். "அவன் எங்க?"

"பல்சக்கரம் தேஞ்சு போச்சுன்னு பட்டறைக்குப் போயிருக்கறாருங்க."

அம்சவேணி நிலைப்படியில் சாய்ந்து, தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ சொல்ல ஆரம்பித்தாள். நீளமாகச் சொன்னாள். கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது. தோள் குலுங்கியதைப் பார்த்து, சிரிக்கிறாள் என்று நினைத்து, வசுமதியும் அளவாகச் சிரித்து வைத்தாள். அம்சவேணி திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது. "என்னத்துக்குச் சிரிக்கறே? பொன்னுரங்கம் மாமன் போயிட்டாருங்கறேன்." வசுமதி கிண்ணத்தைப் பார்த்தாள். "இல்லைங்க அண்ணி, வேற நெனப்புல," என்றாள்.  அம்சவேணி, வசுமதி மொட்டைத் தலையோடு இருந்தபோது எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பொன்னுரங்கம் மாமா நல்ல மனுசன், தீபாவளிக்கு வந்தால் குழந்தைக்குக் கம்பி மத்தாப்பு வாங்கி வருவார், அவர் செத்த சேதிக்குப் போய்ச் சிரித்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அடியும் டக்கடவும் ஒன்றோடொன்று சேர்ந்து, பிரிந்து, சேர்ந்து ஓடின. மொச்சை தீர்ந்து போயிருந்தது. மடியிலிருந்த தொலியைத் தட்டி எழுந்திருக்கப் பார்த்துத் தூளிச் சேலையைப் பிடிக்கத் திரும்பினாள். தூளி ஆடியது. சேலை இரண்டு பக்கமும் ஒட்டிப் போய், மெலிந்து, தொங்கிக்கொண்டு ஆடியது. அவள் கால் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது, அதனால் ஆடியது. உள்ளே கையை விட்டாள். துணி சில்லென்று இருந்தது. குழந்தை எழுந்து வெகு நேரம் ஆகியிருந்தால்தான் அப்படிச் சில்லென்று ஆகும். வெறும் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது, வயிறு வலிக்கும், காத்துக் கருப்பு வந்து படுத்துக்கொள்ளும் என்பார்கள். அதை நம்பாதவர்கள்கூட வெறும் தூளி காற்றில் ஆடினால் ஒரு கையால் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். எவ்வளவு நேரமாக ஆட்டினாள்? மரத்துப் போன விரலுக்குக் கனம் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து அம்மா என்றிருக்கும். வலது பக்கத்திலிருந்துதான் சொல்லியிருக்கும், தூளி முதுகுக்குப் பின்னால் வலது பக்கம்தானே இருக்கிறது. இரண்டு தடவை சொல்லியிருக்கும், மூன்று தடவை, பிறகு அழுதிருக்கும். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அழுதிருக்கும். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, அழுது பிரயோசனமில்லை என்று தெரிந்து, சறுக்கி இறங்கிப் போயிருக்கும். இவளோ மொச்சை உரித்துக்கொண்டு, தன்னை மறந்துவிடாமல் அது தன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அதை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பாப்பா, என்று கூப்பிட்டாள். தன் குரல் தொண்டையில் அதிர்ந்தது தெரிந்தது, எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியவில்லை. கூப்பிட்டு என்ன? அது பதில் சொன்னால் எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அடுப்படி. குளியலறை, தொட்டி மூடித்தான் இருந்தது, மூடியைத் தூக்கித் தண்ணீரைப் பார்த்தாள், தண்ணீருக்குள் அவள் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவளையே தேடியது. கட்டிலுக்கடியில் குனிந்தாள், தரை எழுந்து வந்து முழங்கையில் அடித்தது. பின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

தறிக்கூடத்தில் வெளிச்சம் கம்மி. ஓட்டுக் கண்ணாடி வழியாக ஒரு பட்டை வெயில், அதில் பஞ்சுத் தூசி நின்ற இடத்தில் நின்றது. எட்டுத் தறியும் காலையில் கரண்ட் பிடுங்கிய கணத்தில் எப்படி நின்றனவோ அப்படியே நின்றன, ஒன்றில் குறுக்கு நூல் கொண்டு ஓடும் நாடா பாதி வழியில், ஒன்றில் கட்டை தூக்கினாற்போல். ஓட்டத்தில் நின்ற தறி. கைப்பிடியைத் தள்ளி நிறுத்தாவிட்டால் கரண்ட் வந்ததும் அதுவாக ஓடும். சோறு தின்னுட்டு மெயினை ஆஃப் பண்றேன் என்று மாதேசு சொன்னான். பண்ணினானா, பண்ணாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனானா? பண்ணிட்டேன் என்று சொல்லியிருப்பான், வலது பக்கம் நின்று சொல்லியிருந்தால் போச்சு. அஞ்சு மணிக்கு வரும் என்பார்கள், மூன்றுக்கும் வரும், இப்போதும் வரும். காதுக்குள் இருப்பவள் ஓட்டிக்கொண்டிருந்ததால் எட்டும் ஓடுவது போலவே இருந்தது, நிற்பதைக் கண்ணால் பார்த்தும் ஓடுவது போல இருந்தது, எது எப்போது கிளம்பினாலும் அவளுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. மெயின் சுவிட்ச் அந்தக் கோடியில். அதுவரை பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது, தறியைத்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முதல் தறி, இரண்டாவது, மூன்றாவது. குனிந்து குனிந்து ஒவ்வொன்றின் அடியிலும் பார்த்தாள், குனிந்து நிமிரும் ஒவ்வொரு தரமும் கூடம் படகு மாதிரி ஒரு பக்கம் போய் வந்தது. ஆறாவது தறிக்கடியில், எண்ணெய்க் கறுப்புப் பிடித்த பல்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, கழிவு நூல் குவியலில் தன்யா உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் அழுகை காய்ந்து கோடாக இருந்தது. கையில் நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்று. அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்து ஏதோ சொன்னது, நீளமாக, குற்றம் சாட்டுவது போல. ஒரு எழுத்துக்கூட வரவில்லை. அந்தச் சின்ன வாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசைவது போல அசைந்தது. வசுமதி மண்டி போட்டுக் கையை நீட்டினாள். அந்த ஏழு மாசத்துப் பழைய பயம், வராது, திரும்பிக்கொள்ளும் என்ற பயம், கையோடு சேர்ந்து நீண்டது. அது வந்தது. நூலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்து, கழுத்தைக் கட்டி, இடது பக்கமாகவே கட்டி, இறுக்கியது. வசுமதி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் விழுவாள், விழுந்தால் குழந்தையோடு விழுவாள் என்று தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட அந்த இடத்தில், இத்தனை நாள் கையில் வைத்திருந்த எல்லாப் பதிலும் தீர்ந்து போயின. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, பின்னோக்கி, ஒரு கையால் தரையைத் தள்ளித் தள்ளி, தறிகளுக்கு நடுவிலிருந்த நடைவழிக்கு வந்தாள். வாசல் வெளிச்சம் மறைந்தது. மாதேசு நின்றுகொண்டிருந்தான், கையில் சக்கரப் பொட்டலம். அவன் வாய் அசைந்தது. பக்கத்தில் வந்து குனிந்தான்.

"எதுக்கு நடந்து வராம இழுத்துட்டு வர்றே? வழுக்கி விழுந்துட்டியா?"

"மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க."

"காலைலயே பண்ணிட்டேன். உன்கிட்டச் சொல்லிட்டுத்தான போனேன்."

"எனக்குக் கேக்கலைங்க," என்றாள் வசுமதி. "வலது காது சுத்தமாக் கேக்கலை. பதினேழு நாளாச்சு. நிக்கவும் முடியறதில்லை."

"தறிக்காதுன்னயே?"

"நீங்க சொன்னீங்க, அண்ணி சொன்னாங்க, நானும் அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னைக்கு டாக்டரம்மா சொன்னாங்க. காது போனா அன்னைக்கே வரோணும்னு. அது நரம்புக்குப் போயிருந்தாத்தான் அப்பிடியாகுமாம். நீங்க மருந்து வாங்கிட்டு இருந்தீங்க."

மாதேசு பொட்டலத்தைத் தறி மேல் வைத்தான். அது உருண்டு விழுந்தது, அவன் எடுக்கவில்லை. நூறு சத்தத்துக்கு நடுவில் ஒரு இழை அறுந்ததைக் கேட்கிறவன், பதினேழு நாள் பக்கத்தில் படுத்துக் கிடந்து இதைக் கேட்கவில்லை. அவன் முகம் அதைத்தான் நினைத்தது என்று அவளுக்குத் தெரிந்தது, முகத்தைப் பார்த்து எதையும் தவறவிடாதவள் அவள். "திட்டறதுன்னா வண்டியில போறப்பத் திட்டுங்க," என்றாள். "இப்பப் பாப்பாவப் புடிங்க."

நூல் கொண்டுவரும் டெம்போ தெருமுனையில் நின்றது, அதையே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். வசுமதி வாசல்படியில் உட்கார்ந்து, பழைய ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கிக்கொண்ட அம்சவேணியின் வாயைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனாள், நிறுத்தினால் முடியாது. "மொச்சை உரிச்சு வெச்சிருக்கறனுங்க அண்ணி, ராத்திரிக்கு ஆக்கிக்குங்க. இவ இப்பப் பருப்புச் சோறு திங்கறதில்லை, ரசம் ஊத்தினாத் திம்பா. நம்ம எடது கையை அவ மேல போட்டுட்டுப் படுக்க வெச்சாத்தான் தூங்குவா. சாயங்காலம் தேடினா..." தேடினால் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை. "தேடினா, நீங்களே அம்மான்னு இருந்துக்குங்க. நான் வந்து பாத்துக்கறேன்." அம்சவேணி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னாள். மாதேசு அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து, தானும் ஏறி, தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வண்டி உறுமுவது உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. தெரு சாய்ந்து நகர ஆரம்பித்தது. அம்சவேணி குழந்தையை இடுப்பு மாற்றி, கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். குழந்தை வண்டியைப் பார்த்தது, அத்தையின் முகத்தைப் பார்த்தது. உதடு இரண்டும் ஒட்டி, பிரிந்தன. அம்மா என்றுதான் இருக்கும், வேறு எந்தச் சொல்லுக்கும் அது உதட்டை அப்படிச் சேர்க்காது. யாரைப் பார்த்துச் சொன்னது என்று வசுமதி கழுத்தைத் திருப்புவதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.